அமுதவல்லி விட்ட இடைவெளி

செய்தி வந்தபோது நான் சின்னசேலம் ரயில் நிலைய வாசலில் நின்றுகொண்டு, கள்ளக்குறிச்சி பஸ்ஸை இன்னும் காணோமே என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். அமுதவல்லியின் கணவர் குமரேசன் போனில் அழைத்தார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அவர் லாரி ஓட்டுகிறவர், வழியில் எங்காவது டவர் கிடைக்காமல் நிற்கிறார் போலிருக்கிறது என்று நான்தான் "அலோ அலோ" என்று கத்தினேன். "தங்கச்சி, அவ டீ கேட்டா. போட்டு எடுத்துக்கினு வந்தேன். குடிக்கல" என்றார். அமுதவல்லி போய்விட்டார் என்று அதிலேயே புரிந்துவிட்டது. எதிரில் வந்து நின்ற பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வானொலியைக் கேட்கிறவர்களில் பலர் அமுதவல்லியைப் பார்த்ததே இல்லை. உங்களுக்கு அவர் காலையில் காய்கறி விலைக்கும் பக்திப் பாட்டுக்கும் நடுவில் ஒரு நிமிடக் கதை சொல்லிவிட்டுப் போகும் குரல். சிறுநீரகம் கெட்ட பிறகு அந்தக் குரல் இளைத்துப்போனதையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிகழ்ச்சி நடத்தியவள். எங்களுக்குள் நீ, வா, போ, டி எல்லாம் உண்டு. இங்கே 'அவர்' என்று எழுதும்போது வேறு யாரோ ஒரு பெரிய மனுஷியைப் பற்றி எழுதுவது போலத்தான் இருக்கிறது. அவள் கேட்டால் சிரிப்பாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

வானொலிக்கு வருமுன் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் சாமான் சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுமாம். "சுக்கு, ஓமம், பூண்டு, பனைவெல்லம்னு ஒரு ஆம்பள வந்து தட்டுத்தடுமாறி சொன்னா, வூட்ல கொழந்த பொறந்திருக்குன்னு அர்த்தம். மொகத்தப் பாக்கவே வேணாம்" என்பார். அப்படித்தான் அவருடைய பட்டியல் கதைகள் பிறந்தன. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வர்ணனை கிடையாது. ஒரு தலைப்பு, அதன் கீழ் சாமான்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒலிபரப்பான கதை எனக்கு இன்னும் மனப்பாடம். "கல்யாணத்துக்கு வந்த பரிசுகள்: குத்துவிளக்கு. சுவர்க் கடிகாரம். குத்துவிளக்கு. குத்துவிளக்கு. டிபன் கேரியர். சுவர்க் கடிகாரம். குத்துவிளக்கு. பக்கத்து வீட்டிலிருந்து, ஒரு குடம் தண்ணீர்." அது குழாயில் தண்ணீர் வராத கோடைக்காலம். அன்று டீக்கடைகளில் அதைப் பற்றித்தான் பேச்சு என்றார்கள். எங்கள் நிலையப் பொறுப்பாளருக்கு மட்டும் குறை. "கடைசியில மக்களுக்கு ஒரு கருத்து சொல்லலாமே மேடம்" என்றார். "கருத்து வேணும்னா அடுத்தாப்ல பக்திப் பாட்டு வருதில்ல சார்" என்று சொல்லிவிட்டு அமுதவல்லி டிபன் பாக்ஸைத் திறந்தார்.

கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்குப் போகிற பஸ்ஸில் வேலை எதுவும் இல்லாமலே ஏறி, வெள்ளிமலை வரை போய்த் திரும்புவார். மடியில், காலடியில், தலைக்கு மேலே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே போவார். விடுதியில் படிக்கும் மலைப் பிள்ளை ஒருத்தி லீவுக்கு வீடு திரும்பியதைச் சொன்ன கதை அப்படிக் கிடைத்ததுதான். "பெட்டியில்: சோப்பு, பாதி. சோப்பு, பாதி. சோப்பு, பாதி. அம்மாவுக்கு, அக்காவுக்கு, சின்னம்மாவுக்கு." இதைக் கேட்டு நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வெளியே வந்ததும், உனக்கு அழுகை வரவில்லையா என்று கேட்டேன். "நாம அழக் கூடாதுடி. சாமான வெச்சுட்டு நகுந்துடணும். அழறவங்க அழட்டும்" என்றார்.

இதுவரை எழுதியது எல்லாருக்கும் பிடிக்கும். இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல அஞ்சலியாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தூக்குவாளியைச் சொல்லாமல் அமுதவல்லியைச் சொல்ல முடியாது.

பஸ் நிலையம் ஒன்றில் கரும்பு வெட்டப் போகிற ஒரு பெண் அவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அடிக்கிற புருஷன். மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட முடிவு செய்து, யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு பொருளாகச் சோற்று வாளிக்குள் மறைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு கிளம்பிவிடுவேன் என்று சொன்னாராம். அந்த ஞாயிறு கழிந்து சில நாட்களில் அமுதவல்லி கதையை ஒலிபரப்பினார்.

"கரும்பு வெட்டப் போகிறவளின் தூக்குவாளியில், கூழ்க் கிண்ணத்துக்கு அடியில்:
திங்கள், ஆதார் அட்டை.
செவ்வாய், மகளின் பள்ளிச் சான்றிதழ்.
புதன், ஒரு கொலுசு.
வியாழன், இன்னொரு கொலுசு.
வெள்ளி, வெறும் கூழ். அன்று மாமியார் வாளியைத் திறந்து பார்த்தார்.
சனி, பச்சை கவுன்.
ஞாயிறு, மகள்."

முதல் வரியில் அந்த வாளியின் மூடியைப் பற்றியும் சில சொற்கள் இருந்தன. அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். அப்படி ஒரு மூடி அந்த ஊரில் ஒரே ஒரு வாளிக்குத்தான் இருந்தது.

மகளுக்குக் காய்ச்சல் வந்ததால் அந்தப் பெண் அந்த ஞாயிறு கிளம்பவில்லை. கதை ஒலிபரப்பான காலையில் தாயும் மகளும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். டீக்கடையில் யாரோ, "இன்னாய்யா, உங்க வூட்டு வாளிய ரேடியோவுல சொல்றாங்க" என்று புருஷனிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அன்று பகலிலேயே அவன் மகளை வேறு ஊரில் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். அந்தப் பெண் வாங்கிய அடியைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் தெரிந்ததும் நாங்கள் இருவரும் போனோம். அந்தப் பெண் கரும்புக் கொல்லை ஓரத்தில் நின்றார். ஒரு கண் வீங்கியிருந்தது. அமுதவல்லி, "நான் பேரு எதையும் சொல்லலம்மா" என்று ஆரம்பித்தார். "எங்க தெருவுல பேர வெச்சுதான் ஆளக் கண்டுபுடிக்கிறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். "அந்த மூடிய சொன்னா போதாதாக்கா?"

திரும்பி வரும்போது, நீ வேண்டுமென்று செய்யவில்லையே என்று தேறுதல் சொல்லப் பார்த்தேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "அத எங்கிட்ட சொல்லாத சுமதி. மூடிய வுட்டிருந்தா கதைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எனக்குத்தான் வுட மனசு வரல. அழகா இருந்துச்சு." அதன்பின் பல மாதங்கள் அவர் ஒலிப்பதிவு அறைப் பக்கமே வரவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டு ஒப்பேற்றினேன்.

திரும்பி வந்தபோது ஒரு வழக்கத்தோடு வந்தார். யாருடைய சாமான்களைக் கொண்டு கதை செய்தாலும் முதலில் அவர்களிடம் போய் வாசித்துக் காட்டுவார். வேண்டாம் என்றால் கதை இல்லை. சரி என்றாலும் ஏதாவது ஒன்றை அவர்கள் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்க மாட்டார். அந்த இடத்தில் வேறு எதையும் போடாமல் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருப்பார். நேயர்கள் போன் செய்தார்கள். "இன்னாம்மா, உங்க ஆபீஸ்ல நடுநடுவுல கரண்ட் போவுதா?" என்று திருநாவலூரிலிருந்து ஒருவர் கேட்டது நினைவிருக்கிறது. பொறுப்பாளர் அங்கே கொஞ்சம் புல்லாங்குழலாவது போடலாம் என்றார். "அந்த எடம் எனக்கு சொந்தமில்ல சார்" என்றார் அமுதவல்லி. கதைகள் முன்னைப் போலச் சுருக்கென்று இல்லை என்று எனக்கே தோன்றியதுண்டு. அவரிடமும் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அடக்கத்துக்கு அந்தத் தூக்குவாளிப் பெண் வந்திருந்தார். தெருமுனையில் தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்த இடத்தில் தனியாக நின்றார். அழவில்லை. நானாகப் போய், மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நாத்தனார் வூட்லதான் கீது. ஞாயித்துக்கெழம பாக்க வுடறாங்க. நான் மட்டும் தனியா போனா கதவத் தொறக்க மாட்டாங்க. வெளியாளு கூட இருந்தா ஊருக்குப் பயந்துகினு தொறப்பாங்க. இவங்கதான் வாரா வாரம் கூட வருவாங்க."

எனக்கு இது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டபோதெல்லாம் மலை பஸ்ஸுக்கு என்றுதான் சொல்லியிருந்தார். உடம்பு முடியாமல் போன பிறகும் போயிருக்கிறார். "அவங்கள மன்னிச்சிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பஸ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காருவோம். அவங்க பேசுவாங்க. நான் பேச மாட்டேன்." பிறகு உள்ளே கிடத்தியிருந்த அமுதவல்லியின் பக்கம் பார்த்து, "இந்த வாரம் யாரு வருவா?" என்றார்.

நான் போனேன். கதவு திறந்தது. மகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரேடியோ அத்தை வரலியா?" என்று கேட்டாள். தாயும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து எதையோ கிசுகிசுத்துக்கொண்டிருக்க, நான் கூடத்தில் அந்த நாத்தனாரோடு மழை, கரும்பு விலை என்று வாய் வலிக்கப் பேசினேன். அவர் நல்லவராகத்தான் தெரிந்தார். அதுதான் எனக்கு இன்னும் குழப்பமாக இருக்கிறது.

இந்த அஞ்சலியை எழுதி, அமுதவல்லியின் வழக்கப்படி, அடுத்த ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அடி வாங்கியது இருக்கட்டும் என்றார். "ஞாயிறு, மகள்" என்பதும் இருக்கட்டும் என்றார். கடைசிப் பட்டியலில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னார். ஏன் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அமுதவல்லியிடமிருந்து என்னிடம் இருப்பவை:

ஒலிப்பதிவு அறையில் அவர் மறந்து வைத்த மூக்குக் கண்ணாடி.

அவர் மேல் இன்னும் தீராத கோபம்.

……

ஞாயிறு, பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து இடம்.