ரிலேயும் என் மனைவியின் இடக்கையும்

எங்கள் பழைய காரில் இண்டிகேட்டர் எரியாமல் போனதிலிருந்து, இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் என் மனைவிதான் ஜன்னல் வழியே கை நீட்டுவாள். “என்னை லாரி கிளீனரா ஆக்கிட்டீங்க” என்று முணுமுணுப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்பை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன். பயனில்லை. கடைசியில், விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் ரிலேவைக் கழற்றி, நாலு தட்டு தட்டி மாட்டியதும் ‘டிக் டிக்’ என்று மின்னியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவளை ஏற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கிளம்பினேன்.

“இனிமே உன் கை தேவையில்ல. உள்ளயே வச்சிக்கினு வா” என்றேன். அவள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துத் தின்றபடி வந்தாள்.

திண்டிவனத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, இடப்பக்கம் செஞ்சி ரோட்டில் ஜம்மென்று திரும்பினேன். பின்னால் வந்த பஸ் கிரீச்சென்று எங்கள் டிக்கியை உரசாத குறையாக நின்றது.

“சிக்னலே போடாம திரும்புறியே, இன்னாய்யா பேஜாரு!” என்று டிரைவர் கத்தினார்.

“டிக் டிக் சத்தம் வரலியேன்னு பார்த்துக்கினுதான் இருந்தேன்” என்றாள் மனைவி. “நீங்கதான கைய உள்ள வச்சிக்கச் சொன்னீங்க!”

இப்போது புது ரிலே போட்டாகிவிட்டது. ஆனாலும் இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால், “கொஞ்சம் கைய நீட்டும்மா” என்று கேட்டுக்கொள்கிறேன். கையில் இருக்கும் மல்லாட்டையைத் தின்று முடித்த பிறகுதான் நீட்டுகிறாள். அதுவரை வண்டியை ஓரங்கட்டிக் காத்திருக்கிறேன்.