மலர் அக்காவும் நாலாவது தடமும்

மலர் அக்கா காலமான செய்தி வந்தபோது நான் அப்டன் பார்க்கில் என் கடையில் நின்று, போன் கார்டில் நிமிஷம் குறைகிறது என்று முறைப்பாட்டுடன் வந்த ஒரு பெரியவரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்த ஒரு நவம்பர் காலை. போனில் பேசிய ஆஸ்பத்திரித் தாதி, நான் அவருக்கு என்ன உறவு என்று முதலில் கேட்டார். தம்பி என்றேன். அது முழுப் பொய்யுமில்லை; இருபது வருஷமாக அக்கா என்னை வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. என் முகத்தைப் பார்த்த பெரியவர் கார்டை மேசையில் வைத்துவிட்டு, "அதை ஆறுதலாய்ப் பாப்பம், நீர் போயிட்டு வாரும்" என்றார். நான் கடையைப் பூட்டினேன்.

சிவமலர் கந்தையா என்று முழுப்பெயரைச் சொன்னால் வால்தம்ஸ்டோவில் பலருக்கு ஆள் பிடிபடாது. நடக்க முடியாத வயதானவர்களைக் கடைக்கும் கோயிலுக்கும் ஏற்றி இறக்கிய நகரசபை மினிபஸ் அக்கா, தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பாரே, அதிகம் கதைக்க மாட்டாரே என்றால் தெரியும். அவர் ஒருகாலத்தில் மின்சாரக் கிற்றார் வாசித்தார் என்பதும், அவரும் நானுமாக 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் ஆறு சிங்கிள்கள் வெளியிட்டோம் என்பதும் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. சிங்கிள் என்றால் பக்கத்துக்கு ஒரு பாட்டு வைத்த சின்ன இசைத்தட்டு. எதிரொலியில் ஊறிய கிற்றார், அதற்கடியில் சொல் விளங்காத ஒரு குரல், அரைக் கனவில் கேட்பது போன்ற மெட்டு. அதற்கு 'ட்ரீம் பாப்' என்று பிறகு பெயர் வைத்தார்கள். நாங்கள் செய்த நாளில் அதற்குப் பெயரே கிடையாது. ஆங்கிலேயரின் இந்த நாட்டில் அதை முதலில் செய்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்று இப்போது எழுதுகிறார்கள். எழுதட்டும். எழுதுகிறவர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், குரோய்டனில், அகதி விண்ணப்பத்துக்காகக் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தைச் சுற்றி நின்ற வரிசையில்தான் அவரை முதலில் கண்டேன். ஜெர்மனியில் கொஞ்சக் காலம் முகாமில் இருந்துவிட்டு இங்கே வந்திருந்தார். கையில் பெட்டி படுக்கை இல்லை, ஒரு கிற்றார் மட்டும் இருந்தது. முகாமில் பக்கத்து அறையில் இருந்த போலந்துக்காரி ஒருத்தி வாசிக்கக் கற்றுக்கொடுத்து, போகும்போது அதை விட்டுவிட்டும் போனாளாம். வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன். அவர் திரும்பி என்னைக் கேட்டார்.

"தம்பி, உமக்கு ஏதும் வாசிக்கத் தெரியுமோ?"

"பஜனைக்கு ஆர்மோனியம் வாசிச்சிருக்கிறன் அக்கா."

"அது காணும்."

அவ்வளவுதான் எங்கள் குழு உருவான வரலாறு. பிற்காலத்தில் பேட்டி எடுக்க வந்த இளைஞர்கள் இதைவிடப் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்து ஏமாந்து போனார்கள்.

இருவரும் ஒரே பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தோம். விடிந்ததும் அவருடைய அறைக்குப் போய் மத்தியானம் வரை பாட்டுப் பதிவோம். கண் தானாக மூடும் நேரம் அது. குழுவின் பெயர் அப்படி வந்ததுதான். அறைச் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. எங்கள் முதல் சிங்கிளின் பெயரும் 'ஈரச் சுவர்' ஆயிற்று. எதிரொலி வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரைக் குளியலறைத் தொட்டிக்குள் இறக்கி வைப்பார். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஒருநாள் ஏறி வந்து, "பிள்ளை, தண்ணிக் குழாய் ஏதோ கத்துது, பிளம்பரைக் கூப்பிடட்டோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, அது நான்தான்" என்றார் அக்கா.

அந்த முதல் சிங்கிளில் நடந்த பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. அந்தக் காலத்தில் ஊருக்குப் போன் எடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி அனுப்புவார்கள். கேட்டு முடிந்ததும் அதே கசெற்றில், அந்தப் பேச்சின் மேலேயே உங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும். கசெற் அங்கே கிடைப்பது அரிது. ஆகவே ஒருவருடைய குரலையும் ஒருவரும் சேர்த்து வைக்கவில்லை. ஒருவரை அழித்துத்தான் மற்றவர் பேசினார். அக்காவின் அம்மா அன்னப்பிள்ளை அனுப்பிய கசெற் ஒன்று பதில் பேசப்படாமல் மேசையில் கிடந்தது. பாட்டுக்குப் புதுக் கசெற் இல்லை. "எப்பிடியும் அழிக்கிறதுதானே" என்று சொல்லி அதையே போட்டார்.

சாதாரணக் கசெற்றில் ஒரு பக்கத்துக்கு, ஒலி பதியும் தடம் இரண்டு. எங்களிடம் இருந்த பதிவுக் கருவியோ இரண்டு பக்கத்தையும் சேர்த்து, நாலு தடமாக, ஒரே திசையில் எழுதும். கிற்றாருக்கு ஒன்று, நான் வாசித்த ஓர்கனுக்கு ஒன்று, அவர் குரலுக்கு ஒன்று. நாலாவதில் நாங்கள் ஒன்றும் பதியவில்லை, அதனால் அதில் இருந்தது அழியவுமில்லை. போட்டுக் கேட்டபோது, கசெற்றின் மறுபக்கத்தில் பேசியிருந்த அம்மா பாட்டுக்கு அடியில் பின்னோக்கிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மூச்சு இழுப்பதும் விடுவதுமாக ஏதோ ஒரு வாத்தியம் போலக் கேட்டது. அழித்துவிடுவோம் என்று நான் கையை நீட்டினேன்.

"விடும் தம்பி. இருக்கட்டும்" என்றார்.

அப்படியே வெளிவந்தது. அது என்ன வாத்தியம் என்று பத்திரிகைகள் கேட்டபோது, குடும்பத்தில் ஒருவர் வாசித்தது என்று மட்டும் அக்கா பதில் சொன்னார். அம்மா என்ன பேசியிருந்தார் என்பது அவருக்கு மனப்பாடம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. தபால்காரன் ஒழுங்காக வருவதில்லை, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் காலுறை போடு, ஆள் இல்லாத பெட்டியோடு கதைக்க வெட்கமாய்க் கிடக்கிறது. அதற்குப் பிறகு புதுக் கசெற்றுகள் போயின, வந்தன, அழிந்தன. ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும், "அந்தப் பழைய கசெற்றை ஏன் நீ திருப்பி அனுப்பேல்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் சனத்துக்கு முன் ஒரே ஒருமுறைதான் வாசித்தோம். ஏதோ கலைவிழா. இரண்டாவது பாட்டில் ஒரு பெரியவர் மேடைக்கு ஏறி வந்து, வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டத் தொடங்கினார். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்துவிட்டார். சபை முழுக்க அவருக்குத்தான் ஆதரவு. அக்கா வாசிப்பதை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் அவருக்குக் கைகூப்பி, "இப்ப நல்லாய்க் கேக்குது ஐயா" என்றார். திரும்பி வரும் வழியில் ரயிலில் கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு குழு நின்றுபோனது. சண்டை ஒன்றும் இல்லை. எனக்குக் குடும்பம் வந்தது, கடை வந்தது. அவர் மினிபஸ் ஓட்டப் போனார். கிற்றாரை அலுமாரிக்கு மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் மனைவியின் சமையலைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுச் சாப்பிடுவார்.

இந்த வருஷம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஊரில் போர் இறுகி, தை மாதத்திலிருந்து வன்னிக்குப் போன் போகவில்லை. நான் போன் கார்டு விற்கிறவன். எந்தக் கார்டை யார் எத்தனை தரம் போட்டாலும் அந்தப் பக்கம் மணி அடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் விற்றேன். அம்மா அங்கே இருந்தார். அக்கா வேலை முடிந்ததும் பாராளுமன்றத்துக்கு முன்னால், போரை நிறுத்தச் சொல்லிக் கூடிய கூட்டத்தோடு போய் நிற்பார். கோஷம் போடமாட்டார், நிற்பார். வயிற்றில் புற்றுநோய் என்று அந்த நாட்களிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொன்னது போர் முடிந்த பிறகுதான். போரில் தப்பியவர்களை வைத்திருந்த முகாம்களில் விசாரித்தோம், தெரிந்தவர்களைப் பிடித்து விசாரித்தோம். அன்னப்பிள்ளையைக் கண்டவர் ஒருவரும் இல்லை, செத்ததைப் பார்த்தவரும் ஒருவரும் இல்லை. கனடாவிலிருந்து அக்காவின் ஒன்றுவிட்ட அண்ணர் போனெடுத்து, இனி அந்தியேட்டி என்ற ஈமக்கிரியையைச் செய்துவிடுவதுதான் முறை, இல்லாவிட்டால் அந்த ஆத்மாவுக்குப் பாவம் என்றார். அக்கா கேட்ட கேள்வி எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"காணேல்லை எண்டால் செத்ததெண்டோ அண்ணை? ஆர் கண்டது?"

அண்ணர் போனை வைத்துவிட்டார். மற்ற உறவினரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் பேச்சில் அம்மாவை 'இருந்தா' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அக்கா ஒவ்வொரு தரமும் 'இருக்கிறா' என்று திருத்துவார். சலிக்கவே மாட்டார்.

ஆடி மாதம்தான் அந்த அழைப்பு வந்தது. ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பனி எங்கள் ஆறு சிங்கிள்களையும் ஒன்றாகத் தொகுத்து வெளியிட விரும்பியது. பழைய கம்பனி எப்போதோ இழுத்து மூடப்பட்டு, மாஸ்டர் நாடாக்கள் போன இடம் தெரியவில்லை. மூலக் கசெற்றுகள் அக்காவின் பிஸ்கற் தகரப் பேணியில் பத்திரமாக இருந்தன. கொடுத்தோம். புரட்டாதியில் கேட்டுப் பார்க்க வரச் சொன்னார்கள். சிகிச்சையில் தலைமயிர் கொட்டியிருந்த அக்கா கம்பளித் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஸ்டூடியோப் படியேறினார்.

ஒலிப்பதிவாளன் டானியல் நல்ல பெடியன். நாங்கள் பாடிய காலத்தில் அவன் பிறந்திருந்தால் பெரிய காரியம். பெருமையோடு 'ஈரச் சுவர்' போட்டுக் காட்டினான். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு ஆங்கிலத்தில், "என் அம்மா எங்கே?" என்று கேட்டார்.

பெடியனுக்கு விளங்கவில்லை. நாலாவது தடத்தில் ஏதோ பழைய இரைச்சல் கிடந்தது, அதை எடுத்துவிட்டேன் என்றான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சிவந்துபோனது. உடனே கணினியில் அந்தத் தடத்தை மட்டும் எடுத்து, திசையைத் திருப்பி, ஹெட்போனை அக்காவின் தலையில் மெதுவாக வைத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்காவின் உதடு அசைவதை மட்டும் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றியபின் சொன்னார்:

"நடுவிலை ஒரு இருமல் இருந்தது தம்பி. அதை மறந்துபோனன்."

சிக்கல் அதற்குப் பிறகுதான். கம்பனியை நடத்திய பெண்மணி மனம் நொந்துதான் சொன்னார். இப்போது இருப்பதை அப்படியே விட்டால் இசைத்தட்டு ஐப்பசியில் வந்துவிடும். நாலாவது தடத்தைத் திரும்பச் சேர்ப்பதானால் பாட்டை முதலிலிருந்து கலக்க வேண்டும். ஸ்டூடியோ மார்கழியில்தான் கிடைக்கும், தட்டு தை மாதத்தில்தான் வரும். டொக்டர் தை மாதத்தைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. கார்த்திகையைப் பற்றித்தான் பேசியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். உயிரோடு இருக்கும்போது அவர் கையில் அது இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"அக்கா, முதல் இது வரட்டும். ஒருக்கால் கையிலை பிடிச்சுப் பாருங்கோ. அம்மாவைப் பிறகு நான் சேர்ப்பிக்கிறன்."

"அம்மா இல்லாத தட்டைக் கையிலை பிடிச்சு நான் என்ன செய்ய?"

"ஆருக்கு விளங்கப்போகுது அது அம்மா எண்டு? இருபது வருஷமாய் ஒருத்தருக்கும் தெரியாது."

 அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

"அங்கை அழிச்சது காணாதோ தம்பி? இஞ்சை நானும் அழிக்கோணுமோ?"

 மறுநாள் காலை அவரே கம்பனிக்குப் போனெடுத்து, தை மாதம் வரட்டும் என்று சொன்னார்.   போனை வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். ஐப்பசி போயிற்று. கடைசி வாரங்களில் நோவு தாங்க முடியாமல் மருந்திலேயே கிடந்தார். நல்ல சாவு என்று சிலர் ஆறுதலுக்குச் சொல்லுவார்கள். இது நல்ல சாவல்ல. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்தத் தட்டை அவர் கையில் வைக்க முடியாமல் போனது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல். அவர் செய்தது சரி என்று தெரிந்தும் அந்த எரிச்சல் அடங்கவில்லை.

நேற்று றேடியோவில் மரண அறிவித்தல் எழுதுகிற தம்பி போனெடுத்தார். எங்கள் அறிவித்தல்களுக்கு ஒரு முறை உண்டு. இறந்த உறவினர் ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஊருக்கு அதிலிருந்துதான் தெரியும். அவர் சுறுசுறுப்பான ஆள், தட்டச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தகப்பன் அண்ணை?"

"காலஞ்சென்ற கந்தையா."

"தாய்?"

"அன்னப்பிள்ளை."

"அவவுக்கும் காலஞ்சென்ற போடட்டோ?"

கனடா அண்ணரைக் கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பார். ஐயரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"வேண்டாம். அவ இருக்கிறா" என்றேன்.

தட்டச்சுச் சத்தம் நின்றது. "மகளின்ரை செய்தி அவவுக்குச் சொல்லியாச்சோ அண்ணை?" என்று அந்தத் தம்பி மெதுவாகக் கேட்டார். நான் தகனத்தின் நேரத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

நாளை தகனம். அவருடைய மினிபஸ்ஸில் போய்வந்த வயதானவர்கள், தங்களை ஏற்றிவர யாராவது வருவார்களா என்று கேட்டுப் போன் எடுத்தபடி இருக்கிறார்கள். வேறு சாரதி ஒருவர் வருவார். மார்கழியில் நான் ஸ்டூடியோவுக்குப் போய், டானியலுக்குப் பக்கத்தில் இருந்து, இருமல் உட்பட எல்லாவற்றையும் சேர்ப்பிப்பேன்.

அக்கா, இன்று காலை அறிவித்தலை வாசித்தார்கள், கடையில் நின்று கேட்டேன். அம்மாவின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. போய் வாருங்கள்.