‘க்கும்’ மட்டும் மிஞ்சிய சொல்

கள்ளக்குறிச்சி ஷேக் மைதீன் பிழைப்பெல்லாம் ஸ்டியரிங்தான். முதலில் குவைத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கினார். ஊர் திரும்பியதும் சென்னை–சேலம் ஆம்னி பஸ்ஸில் சேர்ந்தார். பகல் வண்டி; முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்.

மகள் ரிஹானா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஜும்மா முடிந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் வகுப்பில் கேட்ட சங்கதி ஒன்றைச் சொன்னாள். ஆம்னிபுஸ் என்பது லத்தீன் சொல்லாம், ‘எல்லாருக்கும்’ என்று பொருளாம். பிரான்ஸில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட்ட குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததாம். இங்கிலீஷ்காரர்கள் அந்தச் சொல்லின் முன்பக்கத்தை வெட்டி ‘பஸ்’ ஆக்கிவிட்டார்கள். தென்னமெரிக்காவில் சில நாடுகளில் இன்னும் முழுசாகவே சொல்கிறார்களாம்.

“‘எல்லாருக்கும்’ல ‘எல்லாரு’ போயிடுச்சு அத்தா. ‘க்கும்’ மட்டும் நிக்குது. அதான் பஸ்ஸு.”

குவைத்தில் அரபிகள் ‘பாஸ்’ என்பார்கள். அதுவும் இந்த வால்தான் என்று அப்போதுதான் மைதீனுக்குத் தெரிந்தது. சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தார்.

“எல்லாருக்கும்னு முழுசா பேரு வச்சிக்கினு, புக் பண்ணாதவங்கள ஏத்தக் கூடாதுன்னா, அது இன்னா வண்டி?”



அடுத்த வாரம் உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தியிருந்தார். முகூர்த்த நாள். அரசு பஸ்கள் படியில் ஆள் தொங்க, நிற்காமலே போயின. ஆபரேஷன் முடிந்த கணவனைத் தாங்கிப் பிடித்தபடி இருசம்மாள் என்ற மலைக்காரப் பெண் வந்து, கள்ளக்குறிச்சியில் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள். கிளீனர் முடியாதென்றான். உள்ளே சீட்டுகள் காலியாகக் கிடந்தன.

“ஏறுங்கம்மா,” என்றார் மைதீன்.

பயணி ஒருவர் புகார் செய்தார். கம்பெனியில் கூப்பிட்டு, இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் எழுதவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, கரியாலூரையும் தாண்டிப் போகும் மினி பஸ்ஸில் வேலை கிடைத்தது. சம்பளம் கம்மி. கடுக்காய் மூட்டை, கோழி, பள்ளிப் பிள்ளைகள் என்று வண்டி நிரம்பியது. மலையில் வயசானவர்கள் அதை ‘காரு’ என்றார்கள். அதுவும் லத்தீன் வழி வந்ததுதான் என்றாள் ரிஹானா. வெறும் வண்டி என்று பொருள், யாருக்கு என்று அதில் இல்லை.

மழைக்காலம் வந்ததும் கூட்டம் குறைந்தது. முதலாளி தெய்வசிகாமணி கரும்பு விவசாயி. டீசலுக்கே கட்டுபடியாகவில்லை, சாயந்தர டிரிப்பைக் கரியாலூரோடு திருப்பிவிடு என்றார். அப்படித் திருப்பிய முதல் நாள், இரண்டு பெண்கள் இறங்கி மீதி வழியை மழையில் நடந்தார்கள். மைதீனுக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே கரும்புக் காட்டுக்குப் போய் முதலாளியைப் பார்த்தார். லத்தீனெல்லாம் பேசவில்லை.

“காலையில நம்ம வண்டியிலதாங்க கீழ வந்தாங்க. சாயந்தரம் நாமதான கொண்டாந்து வுடணும்?”

சந்தை கூடும் சனிக்கிழமையிலும் பள்ளிக்கூட நாளிலும் கடைசி ஊர்வரை போகலாம் என்றார் தெய்வசிகாமணி ஒருவழியாக.

ஞாயிற்றுக்கிழமைக்காக மைதீன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.