உறைந்த வசந்தத் தேன்

இத்தாலியில் எங்களுக்கு முதல் வசந்தம் அது. காலையில் ரொட்டிக்குத் தேன் எடுத்த என் மனைவி செல்வி, சீசாவைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. பொன்னிறமாக ஓடிய தேன் நெய்போல வெளுத்து உறைந்திருந்தது.

"இன்னாங்க இது, சக்கர ஜாஸ்தி கலந்துட்டாங்களா?"

எனக்கும் அதே சந்தேகம். தேன் தந்தவள் பாவ்லா. ராணிப்பேட்டையை விட்டு வந்து நான் சேர்ந்த தோல் தொழிற்சாலையில் என்னோடு சாயப் பிரிவில் இருப்பவள். இந்த ஊரில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய முதல் மனுஷி. அவளிடம் போய் எப்படிக் கேட்பது? தெரிந்த அரைகுறை மொழியில், "மியேலே... சூக்கெரோ?" என்றேன். தேனில் சர்க்கரையா என்று அர்த்தம். மறுநாள் சிரித்தபடி ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவந்து கொடுத்தாள். நான் சைகையில் விளக்கியதும் அவள் முகம் சுருங்கிவிட்டது. நல்ல சிநேகிதத்தைக் கெடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து எங்கள் இருவரையும் மலைச்சரிவில் இருந்த தன் தேன்பெட்டிகளுக்கு அழைத்துப்போனாள். சரிவெங்கும் மஞ்சள் காட்டுப்பூக்கள், ஓரத்தில் காட்டுச் செர்ரி. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். "மில்லெஃபியோரி" என்றாள்; ஆயிரம் பூக்கள். இந்தப் பூக்களின் தேன் தானாகவே உறையுமாம். செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாவ்லாவும் விடவில்லை.

வேலூர் பக்கம் கணியம்பாடியில் என் அண்ணனும் தேன்பெட்டி வைத்திருக்கிறார். அங்கே பங்குனி, சித்திரையில் புங்கனும் வேம்பும் பூக்கும். அந்தத் தேன் கருத்து, தண்ணீராய் ஓடும்; விழுங்கியபின் தொண்டையில் லேசாகக் கசக்கும். போன சித்திரையில் ஊருக்குப் போனபோது பாவ்லாவின் தேனை அவருக்குக் கொண்டுபோனேன். சீசாவை ஆட்டிப் பார்த்தார்.

"உன்ன நல்லா ஏமாத்திட்டாங்கடா."

"இல்லண்ணா. எங்க ஊர்ல தேன் இப்டித்தான் உறையும்."

அண்ணன் என்னையே பார்த்தார். "எது உங்க ஊரு?"

அண்ணி சிரித்துவிட்டார். அண்ணன் விரலால் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டு, "நல்லாத்தான்டா இருக்குது" என்று இன்னொரு வாய் எடுத்தார். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மதியம் பார்த்தபோது, ஜன்னலோரம் வேலூர் வெயிலில் நின்ற அந்தத் தேன் ஓரமெல்லாம் இளகிப் பொன்னிறமாக ஓடத் தொடங்கியிருந்தது. நடுவில் மட்டும் இன்னும் வெள்ளையாக உறைந்தே இருந்தது.