பியானோ இருக்கையின் மூடி

மூடியைத் தூக்குவதற்கு முன் பியூலா அக்ராய்ட் இரண்டு கைகளையும் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். ஆலயச் சந்தையோ, ஏலமோ, இழவு வீடோ, பியானோவை ஏறிட்டும் பார்க்கமாட்டார். அதன் முன்னால் கிடக்கும் இருக்கையின் பலகையைத்தான் தூக்குவார். எங்கள் யார்க்‌ஷயர் வீடுகளில் பாட்டுத் தாள்கள் எல்லாம் கடைசியில் அதற்குள்தான் போய்ச் சேர்கின்றன.

அவரும் கணவர் கிளெமும் சந்தை முனையில் மீனும் உருளைக்கிழங்கும் வறுத்துச் சேர்த்து விற்கும் கடை நடத்துகிறார்கள். வினிகர் வாடை அவர் கோட்டை விட்டுப் போவதே இல்லை. "உப்பு போடட்டுமா கண்ணு?" என்று கேட்ட அதே மூச்சில், "உங்க வீட்ல பழைய பியானோ இருக்கா?" என்பார்.

தேடுவது வால்ட்டர் கேரபியின் பாட்டுகளை. முதல் உலகப் போருக்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கின் ஆலயங்களுக்கு ஊருக்கொரு பாட்டு அமைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றைக்கூட அச்சுக்குக் கொடுக்காமல் இறந்துபோனவர். நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டில் பாடும் பாட்டுகள் அவை; ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகக் கையால் எழுதிய தாள்கள், பாடியவர்களின் வீடுகளோடு சிதறிவிட்டன.

"நாப்பது வருஷத்துல என்னை ஒரு தடவை தேடியிருப்பியா?" என்று கிளெம் வம்புக்கு இழுப்பார்.

"நீ எங்க போயிடுவ? எண்ணெய்ச் சட்டி பக்கத்துலதான நிப்ப."

எல்லாம் கேரபியின் ஒரு பாட்டில் தொடங்கியது. மீன் கழுவும்போது பியூலாவின் அம்மா வரிகளோடு முணுமுணுத்த மெட்டு அது. அதுதான் முழுப் பாட்டு என்று நம்பியே வளர்ந்தார். அது இரண்டாம் குரல் மட்டுமே என்று பிறகுதான் தெரிந்தது. கீழ்க்குரல்கள் மூன்றும் கிடைத்துவிட்டன. மெட்டைத் தாங்கும் மேல்குரலை மட்டும் காணோம். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று இருப்பதை வைத்துப் பாடலாமா என்று பாடகர் குழுத் தலைவர் ஹெட்லியிடம் கேட்டதற்கு, "மீன் இல்லாம வெறும் உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் நீ விப்பியா பியூலா?" என்றாராம். அன்று கடையில் ஹெட்லியின் பொட்டலத்தில் மீன் சின்னதாகத்தான் விழுந்தது.

"அந்தப் பாட்டு மேல எப்படிப் போகுதுன்னு கேக்காம நான் கண்ணை மூடமாட்டேன்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

என் மனைவி ஈனிட் இறந்த மூன்றாம் மாதம் அவளுடைய பியானோவை விற்க முடிவு செய்தேன். முதலில் வந்தவர் பியூலாதான். கையைத் துடைத்தார், மூடியைத் தூக்கினார், உள்ளே இருந்ததை வேகமாகப் புரட்டினார். கோடும் புள்ளியும் இல்லாமல், ஸ ரி க ம போல வெறும் எழுத்துகளால் ஸ்வரம் எழுதிய தாள்கள் சில இருந்தன. படித்துப் பார்க்காமலே ஒதுக்கினார்.

"இது ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களுக்கு எழுதிக் குடுக்கிறது கண்ணு. பெரியவங்க பாட்டு இதுல இருக்காது."

ஒதுக்கிய கை பாதியில் நின்றது. எழுத்துகளின் கீழிருந்த பாட்டு வரியில் அவர் கண் விழுந்துவிட்டது. அம்மா முணுமுணுத்த அதே வரி.

"அடிப் பாவி பியூலா" என்றார் தனக்குத்தானே. "மேல்குரல் பாடினதே பிள்ளைங்கதானடி! இந்த மாதிரி எத்தனை தாளைத் தள்ளிவிட்டேனோ."

நாற்காலியில் உட்காராமல், நின்றபடியே மெதுவாகப் பாடினார். இரண்டாவது வரியின் நடுவில் ஒரு பென்சில் வளைவு இருந்தது. ஈனிட் சிறுமியாக ஞாயிறு பள்ளியில் பாடியபோது போட்டது. மூச்சு எடுக்கவேண்டிய இடம்.

"தப்பான இடத்துல போட்டிருக்கே. ஒரு சொல்லையே ரெண்டா உடைக்குது. இங்க யாரும் மூச்சு வாங்கமாட்டாங்க."

"அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஆஸ்துமா" என்றேன்.

 பியூலா தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார். அந்த வளைவு வந்ததும் சொல்லின் நடுவிலேயே நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, மேலே பாடிப் போனார்.