கிரகணத்தில் காடான தெரு

முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சம்பழத்தை மிதித்துவிட்டுப் போகிறவன் நான், பி.எஸ்ஸி. தாவரவியல், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருக் கிணற்றுச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று நிற்பதைப் பார்த்த அன்றுதான் அந்த எண்ணம் பிடித்துக்கொண்டது: ஜனங்கள் எல்லோரும் இல்லாமல் போனால் திருத்தணியைச் செடிகொடிகள் எத்தனை வருஷத்தில் மூடும்? ஆளில்லாத ஊரை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினேன்.

எண்பதில் சூரிய கிரகணம் வந்தது. பட்டப்பகலில் கோயில் நடை சாத்தி, தறிகள் நின்று, ஊரே கதவடைத்துக்கொண்டது. பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவை உள் அறையில் படுக்கவைத்து ஜன்னலில் போர்வை கட்டியிருந்தோம். இரண்டு தடவை கரு கலைந்தவள், இது மூன்றாவது. நான் செருப்பை மாட்டியதும் நைனா பார்த்துவிட்டார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஊரப் பாக்க."

"ஊர்ல யாரு இருக்கறாங்க இப்போ, நீ போய் பாக்கறதுக்கு?"

"அதான் நைனா."

"படிச்ச பைத்தியம். கதவ சாத்திகினு போ, அவ எழுந்து வந்துடப் போறா."

மலைப்படி பாதி ஏறித் திரும்பினேன். வெயில் பித்தளை நிறத்துக்கு மங்கியிருந்தது. கீழே, நம்பினால் நம்புங்கள், ஊர் இல்லை. ரயில் பாதை இருந்த இடத்தில் நாணல், கடைத்தெருவில் வேம்பும் புங்கமும், கூரை என்று ஒன்றுகூட இல்லை. இறங்கிப் போய் அதற்குள் உட்கார்ந்துவிடலாம் என்று மனசு இழுத்தது, அவ்வளவு அழகு. அப்புறம்தான் அக்கா இதில் எங்கே என்று தேடினேன். "அக்கா, அக்கா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மயில் ஒன்றுதான் பதில் கொடுத்தது. வெளிச்சம் ஏற ஏற ஓடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, விழுந்தடித்து ஓடினேன்.

கண் கூசியது, மயக்கம் என்று விட்டிருப்பேன். ஆனால் நைனா உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, அக்கா வாசலில் நின்றிருந்தாள். மலைப்படிக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரு மைல்.

"ஏன்டா அப்படிக் கத்திகினு இருந்த? பயந்து ஓடியாந்தேன்."

"கிரகணத்துலயா வெளிய வந்த?"

"ஆங். தெருவுல அவ்ளோ மரம்டா." வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நைனாகிட்ட சொல்லாத. நல்லா இருந்துச்சுடா. அதான் பயமா இருக்குது."

பிரசவம் வரைக்கும் நான் தூங்கவில்லை. பிள்ளை குறையொன்றுமில்லாமல் பிறந்தது, அக்கா புருஷன், எங்கள் பாவா, தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். எனக்குக் கனவில்கூட அந்தக் காடு திரும்ப வரவில்லை. உறுத்துவது அக்காதான்: வருஷா வருஷம் பஞ்சாங்கம் வாங்கியதும் அவள் முதலில் புரட்டுவது கிரகணப் பக்கத்தை. அடுத்தது பகலிலேயே வருகிறதாம். பிள்ளையைப் பாவாவிடம் விட்டுவிட்டு அன்றைக்கு மலைப்படி ஏறப்போவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவேன், இறங்கி வருகிறாளா பார்க்க வேண்டும்.