தாத்தா சேர்த்துவிட்ட பள்ளிக்கூடம்

எங்கள் பண்ணை வாசலைத் தாண்டி தினமும் காலையில் ஒரு ஸ்கூல் பஸ் போகிறது. நிற்பதில்லை. ஓட்டுகிற பெண்மணி ஒருமுறை ஹாரன் அடிப்பார். கன்றுகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் என் பிள்ளைகள் இரண்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையசைக்கும். பஸ்ஸுக்குள் இருக்கும் பிள்ளைகளும் அசைக்கும். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற ஒரு வட்டாரத்தில், பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிற அம்மா நான். இங்கே இதற்கு ஹோம்ஸ்கூலிங் என்று மரியாதையான பெயர் உண்டு. அரசாங்கத்திடம் முறையாக அனுமதியும் வாங்கியிருக்கிறோம். எங்கள் ஊரில் இதைச் சொன்னால், "பாவம், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நானும் என் கணவர் செந்திலும் இந்தப் பால்பண்ணைக்கு வேலைக்கு வந்தவர்கள். முதலாளி நகரத்தில் இருக்கிறார். மாடும் மழையும் சேறும் எங்கள் பொறுப்பு. மகன் கதிருக்குப் பத்து வயது, மகள் யாழினிக்கு எட்டு. பள்ளிக்கூடம் தூரம், மாடுகள் கன்று ஈனும் பருவத்தில் வீட்டில் யாருக்கும் கை ஓயாது. தற்காலிகமாக என்றுதான் ஆரம்பித்தோம், பிறகு அது எங்களுக்கு இனித்துவிட்டது. கன்றுகளை எடைபோட்டுச் சராசரி பார்ப்பதில் கணக்கு, மழை அளக்கும் குழாயில் அறிவியல், சனிக்கிழமைகளில் ரக்பி. குளிர்காலத்தில் மாடுகளின் மடி வற்றியிருக்கும் மாதங்களில் பனியாறு, எரிமலை, கடல்சிங்கம் என்று வண்டியில் சுற்றுவோம். நல்ல வாழ்க்கைதான், அதை நான் மறைக்க மாட்டேன். பக்கத்துப் பண்ணை மார்கரெட் தன் நான்கு பிள்ளைகளையும் இப்படித்தான் வளர்த்தார். உன் அப்பா எங்கே படித்தார் என்று ஒருநாள் கேட்டார். அவர் அதிகம் படிக்கவில்லை, சின்ன வயதில் மாடு மேய்க்கப் போய்விட்டார் என்றேன். மார்கரெட்டின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு அழகு! அப்படியென்றால் உங்கள் குடும்பத்தில் நீ ஒருத்திதான் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டாய்" என்றார். நானும் சிரித்துவைத்தேன். அவருக்கு விளக்குவதென்றால் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் தஞ்சாவூர் ஜில்லாவையே தூக்கிவந்து மேசையில் வைக்க வேண்டும்.

அப்பா ஒரு மிராசுதாரின் பண்ணையாள் வீட்டில் பிறந்தவர். குடியிருந்த குடிசையின் மண்கூட மிராசுதாருடையது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சண்டை நடந்த வருஷங்களில் அவர் இளவட்டம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பை முடித்தார்கள்; மறித்தவர்களுக்கு அடி, வழக்கு, ஜெயில். பிறகு ஆட்சி மாறியது, கோட்டையில் கறுப்புச் சிவப்புக் கரைவேட்டிகள் உட்கார்ந்தன, ஒருநாள் குடியிருந்த மனைக்குப் பட்டாவும் வந்தது. அது செங்கொடியால் வந்ததா, கரைவேட்டியால் வந்ததா என்று எங்கள் தெருவில் இன்னமும் வாய்ச்சண்டை நடக்கும். அப்பா அதில் கலந்துகொள்ள மாட்டார். அவருக்கு வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்குத் திடல்மேல்தான் கண். கோயில் கட்டலாம் என்றார்கள் சிலர், கொடிக்கம்பம் நடலாம் என்றார்கள் சிலர். அப்பாவும் கூட்டாளிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீற்றுக்கொட்டகை போட்டுவிட்டு, மனுமேல் மனு கொடுத்து, ஒரு வாத்தியாரை வரவழைத்தார்கள். பின்னால் அதுவே அரசாங்கத் தொடக்கப் பள்ளியானது. நான் அங்கே படித்துத்தான் மன்னார்குடிக்குப் போனேன், பிறகு இவ்வளவு தூரம் வந்தேன்.

பிள்ளைகள் வீட்டில் படிப்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. "புள்ளைங்க பள்ளிக்கூடத்துலேருந்து வந்துட்டாங்களா?" என்று போனில் கேட்கும்போதெல்லாம், "படிக்கிறாங்கப்பா" என்று வழுக்கிவிடுவேன். ஒருநாள் யாழினி போட்டு உடைத்துவிட்டாள். போன் என் கைக்கு வந்தது. அப்பாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஏம் பாப்பா, சேத்துக்க மாட்டேன்னுட்டாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்றால் யாரோ வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "இல்லப்பா, நாங்களாத்தான் அனுப்பல" என்றேன். "சரி சரி" என்று வைத்துவிட்டார். அவர் நம்பவில்லை. அவமானத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

போன ஜூனில், மாடுகள் வற்றிய மாதத்தில், ஊருக்குப் போனோம். மேட்டூர் திறந்திருந்தார்கள், எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரவில்லை. அப்பா பின்னாளில் வாங்கிய மூன்று மா நிலம் வெடித்துக் கிடந்தது. பிள்ளைகளுக்குக் கோடியக்கரையைக் காட்டிவிட்டு வந்தோம். பறவைகள் வராத மாதம். நரியைப் பார்த்ததாக யாழினி சத்தியம் செய்தாள். மறுநாள் நானும் செந்திலும் பாத்திரம் வாங்கக் கும்பகோணம் போய்விட்டுத் திரும்பினால் வீட்டில் பிள்ளைகள் இல்லை. எதிர்வீட்டில் கேட்டேன். "பள்ளிக்கூடம் போயிருக்குங்க அக்கா" என்று சாதாரணமாகச் சொன்னார்கள்.

ஓடினேன். என் பிள்ளைகள் சீருடையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கதிரின் கால்சட்டை தொடைக்கு ஏறியிருந்தது, யாழினியின் பாவாடை கணுக்காலைத் தொட்டது. போனில் பார்த்த உயரத்தைக் கையால் காட்டி, நாங்கள் வருவதற்கு முன்பே அப்பா தைக்கக் கொடுத்திருக்கிறார். வகுப்பில் மொத்தமே ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குகிற பிள்ளைகள். தெருவில் கொஞ்சம் வசதி வந்தவர்களெல்லாம் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"தாத்தா வந்து கேட்டா எப்புடிங்க மாட்டேன்னு சொல்றது?" என்றார் தலைமை டீச்சர். "பேரை எழுதிட்டேன், மத்தத அப்புறம் பாத்துக்கலாம். எங்களுக்கும் ரெண்டு தலை கூடினா நல்லதுதாங்க. இன்னும் கொறைஞ்சா பக்கத்து ஊரோட சேத்துடுவாங்க."

அப்பா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். "இங்க யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க பாப்பா" என்றார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இருக்கிற சில வாரம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் யாரும் எழுப்பாமலே எழுந்தார்கள். கதிர் தன் ரக்பிப் பிடியைக் கபடியில் காட்டி இரண்டே நாளில் பெரிய ஆளாகிவிட்டான். மூச்சு விடாமல் பாடிப்போகத்தான் அவனுக்கு வரவில்லை. அதற்காகக் கன்னம் உப்ப வீடெல்லாம் சுற்றினான். யாழினி சத்துணவு முட்டையைத் தோழியோடு பாதியாக்கித் தின்றாள். நான் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் வராத தமிழ் எழுத்து அவளுக்கு மணலில் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். நெஞ்சில் முள் குத்தியது. ஒரு மாலை கதிர் கேட்டான்: "அம்மா, நாங்க தாத்தாகிட்ட இருந்து படிக்கட்டுமா?"

பிள்ளைகள் உள்ளே போனதும் அப்பா, "ஒரு வருஷம் விட்டுட்டுப் போ பாப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முடியாது என்றேன். கன்று ஈனும் பருவம் வருகிறது, டிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளைகளை விட்டு நான் எப்படி இருப்பேன். எல்லாம் நியாயமான காரணங்கள். இன்று எழுதும்போதும் அவை நியாயமாகத்தான் இருக்கின்றன.

கிளம்புகிற நாளன்று கடைசியாக ஒருமுறை என்று அடம்பிடித்துப் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். கார் வந்து நின்றது. நான் போய் வகுப்பு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வாய்ப்பாடு நின்றது. இரண்டு பேரும் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நெசமாவே நிறுத்துனது நீதானா" என்றார்.

கார் வரைக்கும் கூடவே நடந்தார். "நான் படிச்ச பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துலயும் நடவு நேரத்துல மிராசுதாரோட காரியக்காரர் வந்து இப்புடித்தான் வாசல்ல நிப்பாரு. மாடு மேய்க்கப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரு. வாத்தியாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒரு தடவை எந்திரிச்சு வந்தவன்தான், அப்புறம் நான் போய் உக்காரவே இல்ல." குரலில் குற்றச்சாட்டே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது. கதிரின் தலையைத் தடவிவிட்டு, கார்க் கதவை அவரே சாத்தினார்.

இங்கே வந்ததும் சேறும் கன்றும் எங்களை விழுங்கிக்கொண்டன. ஊரிலிருந்து ஒரு செய்தி மட்டும் யாழினிக்கு வந்தது: பதிவேட்டில் இவர்கள் இருவர் பேரையும் டீச்சர் அடிக்கவில்லை, தினமும் கூப்பிடுகிறார். அங்கே காலையில் பேர் கூப்பிடும் நேரம் இங்கே சாயங்காலக் கறவை. அன்றிலிருந்து அந்த நேரத்தில் எங்கள் கன்றுக்கொட்டகையில் "உள்ளேன் டீச்சர்!" என்று ஒரு குரல் கேட்கும். கன்றுகள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பாலில் வாய் வைக்கும்.

காலாண்டு விடுமுறை முடிந்து அந்தப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. மீதிப் பிள்ளைகளைப் பக்கத்து ஊரில் சேர்த்துவிட்டார்கள். அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். "புள்ளைங்ககிட்ட சொல்லிடாத" என்றும் சொன்னார். நம் ரெண்டு பிள்ளைகளால் ஒரு பள்ளிக்கூடம் நின்றுவிடுமா என்று செந்தில் கேட்டார். நிற்காதுதான். அது தெரிந்தும் மனம் ஆறமாட்டேன் என்கிறது. அந்தத் திடலில் படித்துக் கிளம்பிய நாங்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு நியாயமான காரணத்தோடுதான் கிளம்பினோம்.

நேற்றும் கறவை நேரத்தில் மழை. யாழினி முழங்கால் வரை பூட்ஸோடு கொட்டகை நடுவில் வந்து நின்றாள். "உள்ளேன் டீச்சர்!" என்றாள், தகரக் கூரைமேல் விழும் மழையைத் தாண்டிக் கேட்கவேண்டுமென்று சத்தமாக. அப்புறம், தனக்கு அடுத்த பேருக்காரி பதில் சொல்ல இடம் விட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.